உங்களுக்குக் காசு யார் தாறது?

முதல் தடவை என்னை விசாரணைக்குக் கூப்பிட்டபோது, எங்கள் சிறிய செய்தித்தளத்தில் எழுதிய செய்தியைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. திருகோணமலை மாவட்டத்தில் குச்சவெளிப் பக்கத்துக் காணிப் பிரச்சினை ஒன்றை மூன்று பகுதிகளாக எழுதியிருந்தோம். எங்கே ஆதாரம் என்று கேட்பார்கள் என நினைத்து, இரவிரவாக இருந்து காணி உறுதிகள், வரைபடங்கள், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் வாங்கிய பதில்கள் எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கிக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. அவர் கையில் என்னுடைய சேமிப்புக் கணக்கின் வங்கிக் கூற்று இருந்தது. ஒரு வரியின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு, "மிஸ், உங்களுக்குக் காசு யார் தாறது?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

அந்த வரி உண்மைதான். வெளிநாட்டு நிதியம் ஒன்று தந்த முதல் தவணை என் சொந்தக் கணக்குக்கு வந்திருந்தது. அப்போது நாங்கள் மூன்று பேர். உவர்மலையில் ஒரு வீட்டின் முன்னறை, இரண்டு பழைய மடிக்கணினிகள், ஒரு கமெரா, அவ்வளவுதான். நிறுவனமாகப் பதிவதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டிருந்தோம். ஒப்பந்தம் இருந்தது, பற்றுச்சீட்டுகள் இருந்தன, ஒரு ரூபாயும் பிழையான வழியில் போகவில்லை. ஆனாலும் மூன்று மணித்தியாலம் அந்த ஒரு வரியிலேயே கழிந்தது. செய்தித்தளத்துக்கு வந்த காசு ஏன் ஒரு தனி ஆளின் கணக்குக்கு வந்தது என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கடைசியில் சிங்களத்தில் எழுதிய நான்கு பக்க வாக்குமூலத்தை நீட்டினார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. களைத்துப்போய்க் கையெழுத்து வைத்தேன். அந்த நான்கு பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்களைப் போலச் சிறிய செய்தித்தளம் நடத்துபவர்களும் தொடங்க நினைப்பவர்களும் அந்தக் கதிரையில் இருக்க நேர்ந்தால், என்னைவிட ஆயத்தமாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திருகோணமலையில் செய்தி எழுதுவதென்றால் 2006ஐ நினைக்காமல் இருக்க முடியாது. அந்த ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. கிட்டத்தில் வைத்துச் சுடப்பட்ட காயங்களை வெளியே காட்டியவை சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் தேதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். அவர் 'சுடர் ஒளி'யின் பகுதிநேரச் செய்தியாளர். அந்தப் 'பகுதிநேர' என்ற சொல்லை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மாவட்டச் செய்தியாளர்கள் அநேகமாக எல்லோரும் இன்றைக்கும் செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர்கள்தான். மாதச் சம்பளம் இல்லை, காப்புறுதி இல்லை. ஏதாவது நடந்தால் நிறுவனத்தின் பெயரில் ஒரு வழக்கறிஞர் வந்து நிற்பதும் இல்லை. ஒரு செய்தியாளருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுப்பது அவரது பாதுகாப்பின் ஒரு பகுதி என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இந்தக் காசு விடயத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

இப்போது எங்களிடம் வருவது கடிதமும் தொலைபேசி அழைப்பும் வங்கியின் கேள்வியும். வெளிநாட்டுச் செல்வாக்குச் சட்டம் என்ற பெயரில் தனிச் சட்டம் ஒன்று இலங்கையில் இல்லை. ஆனால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வச் சமூக சேவை அமைப்புகள் சட்டம் இருக்கிறது. அதைக் கவனிக்கும் செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த காலமும் உண்டு. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. சந்தேகமான கொடுக்கல் வாங்கல்களை வங்கிகள் மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. 2024 பெப்ரவரி 1இல் இருந்து, இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்துவிட்டது. எங்களைப் போன்ற தளம் எந்தச் சட்டத்தின் கீழ் எங்கே பதிய வேண்டும் என்று மூன்று அலுவலகங்களில் கேட்டேன், மூன்று விதமான பதில் கிடைத்தது. கடைசியில் ஒரு வழக்கறிஞரிடம் கட்டணம் கொடுத்து, எழுத்தில் கருத்து வாங்கினோம். அந்த இரண்டு பக்கக் கடிதம் எங்களுக்கு ஒரு கமெராவை விடப் பெறுமதியானது. வாய்ப்பேச்சில் சட்ட ஆலோசனை வாங்கி நிறுத்திவிடாதீர்கள். திகதியோடு, கையெழுத்தோடு காகிதத்தில் வாங்குங்கள்.

அதன்படி 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்தோம். இலாபத்தைப் பங்கு பிரிக்க முடியாது, எங்களுக்கு அது வேண்டியதும் இல்லை. நிறுவனப் பெயரில் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, ஆண்டுதோறும் வெளிக் கணக்காய்வு. ஓய்வுபெற்ற கணக்காளர் ஐயா ஒருவர் சனிக்கிழமைகளில் வந்து கணக்கு பார்த்துத் தருகிறார். வந்த முதல் நாளே சொன்னார்: "பிள்ளை, காசு வந்த அண்டைக்கே எழுது. அடுத்த கிழமை எழுதினால் அது கணக்கு இல்லை, ஞாபகம்."

வெளிநாட்டுக் காசு எங்கள் வாசலுக்கு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கும் அதிகாரியின் கவலை முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். திருகோணமலை மாதிரி ஓர் ஊரில் அப்படிச் சொல்லவும் முடியாது. இந்தத் துறைமுகத்தை விரும்பாத நாடு இல்லை. இரண்டாம் உலகப்போர்க் கால எண்ணெய்த் தாங்கிகள் 99இல் 14 இந்திய எண்ணெய் நிறுவனமான ஐஓசியின் இலங்கைக் கம்பனிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு என்று 2022 ஜனவரியில் ஒப்பந்தமானது. சம்பூரில் இந்தியாவோடு சேர்ந்து கட்டவிருந்த நிலக்கரி அனல்மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் சூரிய மின் திட்டத்தை 2025 ஏப்ரலில் இரண்டு நாட்டுத் தலைவர்களும் தொடக்கி வைத்தார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு தூதரகத்தின் காசை வாங்கிவிட்டு, அந்த நாடு கேட்கும் காணியைப் பற்றி எப்படி எழுதுவது? எழுதினாலும் யார் நம்புவார்கள்? ஒரு தூதரகத்தின் சிறு நிதித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி எங்களையும் கேட்டார்கள். தொகை நல்ல தொகை, அந்த நேரம் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மூவரில் ஒருவருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. அவர் விலகிப் போனார். அவர் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அரசுகளின் காசு வேண்டாம் என்று ஒதுக்கினால் தனியார் நிதியங்கள் மிஞ்சும். அவற்றோடு ஒப்பந்தம் செய்யும்போது நாங்கள் இப்போது விட்டுக்கொடுக்காத சில வரிகள் இருக்கின்றன. எந்தச் செய்தியையும் வெளியிடும் முன் நிதி தருபவர் பார்க்கக் கூடாது. எந்தத் தலைப்பில் எழுத வேண்டும் என்பதும் அவர் வேலை இல்லை. அவரது பெயரையும் தொகையையும் எங்கள் தளத்தில் போடுவோம், அதற்குச் சம்மதம் இல்லாவிட்டால் காசு வேண்டாம். இடையில் நிறுத்துவதென்றால் மூன்று மாதம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வரியின் அருமை 2025 ஜனவரியில் புரிந்தது. அந்த மாதம் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. நாங்கள் அந்தக் காசு வாங்குகிறவர்கள் இல்லை. ஆனால் தெரிந்த இரண்டு குழுக்கள் ஒரே வாரத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நாணய மாற்றையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து சில வாரங்களில் 360 ரூபாய் வரை ஏறியது. நிதி தந்தவர்கள் வரவுசெலவைத் திரும்ப எழுதச் சொன்னார்கள். காகித விலையும் மண்ணெண்ணெய் விலையும் எங்களைக் கேட்டா ஏறின? ரூபாயில் போட்ட சம்பளத்தை ரூபாயிலேயே கணக்குக் காட்டப் பெரிய சண்டை பிடிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது: வருகைப் பட்டியல். நிதியத்தின் காசில் ஒரு பயிற்சிப் பட்டறை வைத்தால், வந்தவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கையெழுத்து எல்லாம் ஒரே தாளில் வாங்கி அனுப்பச் சொல்வார்கள். செலவு உண்மை என்று காட்ட அவர்களுக்கு அது வேண்டும். மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து வந்த இளம் பெண்கள் பத்துப் பேரின் விவரம் இருந்த அப்படி ஒரு தாளை, பட்டறை முடிந்து இரண்டாம் நாள் ஒருவர் வந்து கேட்டார். கொடுக்கவில்லை. ஆனால் பட்டறை நடந்த மண்டபத்தில் இருந்து ஏற்கெனவே ஒரு பிரதி போயிருந்தது. இரண்டு பெண்களின் வீட்டுக்கு ஆள் போய் அப்பாமாரிடம் விசாரித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் எழுதுவதையே விட்டுவிட்டார். நல்ல எழுத்து அவருடையது. அதை நான் மறக்கப் போவதில்லை. இப்போது மண்டபச் சிட்டை, சாப்பாட்டுச் சிட்டை, எங்கள் சொந்தக் கையெழுத்தில் ஆட்களின் எண்ணிக்கை, இவை மட்டும்தான் அனுப்புகிறோம். ஒப்பந்தம் போடும்போதே இதைச் சொன்னால் நிதியங்கள் அநேகமாக ஒத்துக்கொள்கின்றன. பிறகு சொன்னால் ஒத்துக்கொள்வதில்லை.

மற்ற நாடுகளில் நடப்பதையும் கொஞ்சம் பார்த்தோம். ரஷ்யா 2012இல் வெளிநாட்டு முகவர் சட்டத்தைக் கொண்டு வந்து, 2017இல் ஊடகங்களுக்கும் விரித்தது. 'மெதூசா' என்ற தளத்துக்கு 2021 ஏப்ரலில் அந்த முத்திரை விழுந்ததும் விளம்பரம் கொடுத்தவர்கள் ஓடிவிட்டார்கள். தளம் வாசகர்களிடம் கை நீட்டியது, வாசகர்கள் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு உக்ரைன் போர் தொடங்கியதும், ரஷ்யாவுக்குள் இருந்து அந்தக் காசு வரும் வழியும் அடைபட்டது. ஜோர்ஜியா 2024இல் கொண்டுவந்த சட்டம், வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வெளியில் இருந்து வந்தால் வெளிநாட்டு நலனைச் சுமப்பவர் என்று பதியச் சொன்னது. அந்த நாட்டின் பட்டுமி நகரமும் திருகோணமலை மாதிரி ஒரு துறைமுக ஊர். அங்கே 'பட்டுமெலெபி' என்ற உள்ளூர்ச் செய்தித்தாளைத் தொடங்கிய ம்சியா அமக்லோபெலி 2025 ஜனவரியில் கைதாகி, ஓகஸ்டில் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்; அது இந்தச் சட்டத்தின் கீழ் அல்ல, பொலிஸ் அதிகாரி ஒருவரை அறைந்த வழக்கில். பக்கத்து இந்தியாவில் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம், பதிவு செய்த செய்தித்தாளின் ஆசிரியரும் நிருபரும் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதையே தடுக்கிறது. இதையெல்லாம் படித்தபோது, நாளைக்கு இங்கேயும் இப்படி ஒரு சட்டம் வந்தால் ஒரே இரவில் விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்ற கேள்விதான் எனக்கு வந்தது. தொடக்கத்தில் எங்கள் வருமானத்தில் பத்தில் எட்டுப் பங்கு வெளிநாட்டு நிதியில் இருந்து. இன்றைக்கு நாலில் ஒரு பங்கு. நான்கு வருடம் எடுத்தது.

மிச்சக் காசு எங்கே இருந்து வருகிறது? மரண அறிவித்தல்களில் இருந்து. தமிழ்ப் பத்திரிகைகள் எப்போதும் அதில்தான் நின்றிருக்கின்றன, நாங்கள் மட்டும் அதைக் கௌரவக் குறைவாக நினைத்திருந்தோம். ஊரில் ஒருவர் தவறினால் பிள்ளைகள் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிறார்கள். அறிவித்தல், 31ஆம் நாள் நினைவஞ்சலி, ஆண்டுத் திவசம் என்று அவர்கள் போடுகிறார்கள். அதற்கு விலைப்பட்டியல் உண்டு, பற்றுச்சீட்டு உண்டு, அது விற்ற சேவைக்கு வந்த காசு. ஆனால் ஒன்று: நன்கொடையை விளம்பரம் என்று எழுதாதீர்கள். ஒருவர் ஐந்து மடங்கு காசு அனுப்பிவிட்டு "அறிவித்தல் எண்டு போடுங்கோ அக்கா" என்றார். மிச்சத்தைத் திருப்பி அனுப்பினோம். ஒரு பொய்ச் சிட்டை இருந்தால் மற்ற உண்மைச் சிட்டை எல்லாம் சந்தேகமாகிவிடும்.

கடை விளம்பரங்களில் ஒரு பாடம் படித்தோம். பெரிய நகைக்கடை ஒன்று முழு ஆண்டுக்கு எடுத்திருந்தது. யாரோ அழைத்துப் பேசிய அடுத்த நாள், "குறை நினையாதேங்கோ" என்று முதலாளி நிறுத்திவிட்டார். இப்போது ரியூசன் வகுப்புகள், நிலாவெளியில் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் படகுக்காரர், சாரி பிளவுஸ் தைப்பவர், பாண் பேக்கரி என்று முப்பதுக்கு மேல் சின்னச் சின்ன விளம்பரங்கள். முப்பது பேரையும் அழைத்து மிரட்டுவது கஷ்டம்.

சந்தா மாதம் 300 ரூபாய். வாடைக் காலத்தில், கார்த்திகை மார்கழியில், கடலுக்குப் போக முடியாத வீடுகளில் சந்தா நின்றுவிடும். முதல் ஆண்டு அதை எதிர்பாராமல் ஜனவரிச் சம்பளத்துக்குத் திண்டாடினோம். அதற்குப் பிறகு கடற்கரை ஊர்களில் மீன்படும் மாதங்களில் மட்டும் சேர்க்கிறோம். அப்படிச் சேர்த்ததில் ஒரு பகுதியை மூன்று மாதச் சம்பளம் அளவுக்குத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வைத்திருக்கிறோம்.

இந்தச் சந்தாவில்தான் எனக்கு இன்னும் முழுதாகத் தீராத சிக்கல் இருக்கிறது. மத்திய சந்தையில் கருவாடு விற்கும் அம்மா ஒருவர் மாதம் தவறாமல் 500 ரூபாய் தருவார். 300 போதும் என்றாலும் கேட்கமாட்டார். "என்ர பேரை மட்டும் எங்கையும் போடாதேங்கோ பிள்ளை" என்பார். அவரது மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். அவருக்கு வந்த விசாரணைகள் போதும். எங்களைக் காப்பாற்றுவது திறந்த கணக்கு. அதே திறந்த கணக்கு அவருக்கு ஆபத்து. யோசித்து யோசித்து இப்படிச் செய்தோம்: நிறுவனம் எதுவானாலும் பெயரும் தொகையும் தளத்தில் வரும். தனி ஆள் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தந்தால் பெயர் வரும், சம்மதம் இல்லாவிட்டால் அந்தத் தொகையை ஏற்பதில்லை. அதற்குக் கீழே உள்ளவர்கள் எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்று மட்டும் போடுகிறோம். பெயர்ப் புத்தகத்தைக் கணக்காய்வாளர் பார்ப்பார், அலுவலகத்தில் அது இருக்காது. நீதிமன்றம் கட்டளையிட்டால் என்ன செய்வது என்பதையும் வழக்கறிஞரோடு முன்பே பேசி, சந்தா தருபவர்களிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டோம். அதைக் கேட்டுச் சிலர் விலகினார்கள். அந்த அம்மா விலகவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களின் காசுக்கு இன்னொரு கவனம் தேவை. 2014இலும் 2021இலும் புலம்பெயர் அமைப்புகளையும் ஆட்களையும் அரச வர்த்தமானியில் பெயர் போட்டுத் தடை செய்தார்கள், 2022இல் சிலரை எடுத்தார்கள். நூறு பவுண் அனுப்புகிறவரின் பெயரானாலும் நடப்புப் பட்டியலில் தேடிப் பார்த்து, பார்த்த திகதியைக் குறித்து வைக்கிறோம். மனத்துக்குக் கஷ்டமான வேலைதான், உறவுக்காரரைச் சந்தேகப்படுவது போல இருக்கும். ஆனாலும் செய்யுங்கள். வங்கிக்கு வெளியே ஆள்மாற்றிக் காசு அனுப்பும் உண்டியல் வழியாக ஒரு சதமும் வாங்காதீர்கள். 2022இல் வங்கி விலைக்கும் உண்டியல் விலைக்கும் இருந்த இடைவெளியில் ஒரு ஆளின் சம்பளம் மிச்சம் பிடிக்கலாம் போல இருந்தது. வாங்கியிருந்தால் இன்று இதை எழுத நான் வெளியே இருந்திருக்க மாட்டேன்.

போன ஆண்டு திரும்பவும் கடிதம் வந்தது. இந்த முறை வழக்கறிஞரோடு போனேன். போகும் முன் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு அறிவித்தேன். கேள்வி பழைய கேள்விதான். கணக்காய்வு அறிக்கைகள், ஒப்பந்தங்கள், தளத்தில் வந்த பட்டியலின் அச்சு எல்லாவற்றையும் முன்னால் வைத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு, சின்னத் தொகை தருபவர்களின் பெயர்களைக் கேட்டார். தர முடியாது என்றேன், காரணத்தையும் சொன்னேன். கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி, வாக்குமூலம் தமிழில் எழுதினால்தான் கையெழுத்து வைப்பேன் என்றேன். நாற்பது நிமிடம் காத்திருந்தோம். தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் வந்தார். பெயர் கேட்டதையும் நான் மறுத்ததையும், இரண்டையும் எழுதச் சொன்னேன். எழுதி வாசித்துக் காட்டினார். 'நன்கொடையாளர்' என்று இருந்ததைச் 'சந்தாதாரர்' என்று திருத்தச் சொல்லி, திருத்திய இடத்தில் சுருக்கக் கையெழுத்தும் கீழே முழுக் கையெழுத்தும் வைத்துவிட்டு வந்தேன்.